சிங்காரா வரும் கொல்லை

பாலைவனம் என்றதும் தமிழ்நாட்டாரின் மனக்கண்முன் தோன்றுவன மணல், ஒட்டகம், வெயில் ஆகிய மூன்றுமே. நம் முன்னோர் பாலைக்கென்று தனி நிலம் ஒன்றையும் வகுக்கவில்லை; முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டால் அதுவே பாலை என்று முடித்துவிட்டார்கள். ஆகவே, நமக்கு ஜோத்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, உயிரற்ற ஒரு பிரதேசத்துக்கு அனுப்புவது போலவே உறவினர்கள் நம்மை ரயிலேற்றிக் கண் கலங்கினார்கள்.

வந்து இரண்டு வருஷங்கள் ஆகின்றன. தார்ப் பாலைவனத்தில் தண்ணீருக்குப் பஞ்சமுண்டு. பிராணிகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை என்பதை இப்போது நாம் சத்தியம் செய்து சொல்லலாம்.

நாம் குடியிருப்பது நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில். கொல்லைக்குச் சுற்றுச்சுவர் என்ற பெயரில் சிவப்புக் கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு உயரம், இரண்டு இடங்களில் சரிந்து முழங்கால் அளவாகிவிட்டது. அதற்கு அப்பால் வெறும் வெளி. ஆங்காங்கே கேஜ்ரி மரங்கள். கேஜ்ரி வேறொன்றுமல்ல, நம் ஊர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிதான். சுவரின் அருகே ஒரு கல் தொட்டி. அதில் தினந்தோறும் தண்ணீர் நிரப்ப வேண்டுமென்பது வீட்டுக்காரர் வாடகையோடு சேர்த்து விதித்த நிபந்தனை. ஆண்டுக்குச் சுமார் 35 சென்டிமீட்டரே மழை பெய்யும் ஊரில் ஒரு தொட்டித் தண்ணீர் என்னென்ன மாயம் செய்யும் என்பதை அதன் பிறகே கண்டோம்.

விடியற்காலையில் மயில்கள் வரும். மாசி, பங்குனி மாதங்களில் அந்தி மயங்கும் வேளையில் ஒரு நரி வரும். வால் நுனி வெள்ளையாயிருப்பதால் அது பாலைவன நரி என்று அறியலாம்; சாதாரணக் குள்ளநரிக்கு வால் நுனி கறுப்பு. முள்வால் கொண்ட சாண்டா என்ற ஓணான் புல்லை மேய்ந்து, கொழுப்பை வாலில் சேமித்துக்கொண்டு, அபாயம் என்றால் வளைக்குள் ஓடி ஒளியும். நம் வீட்டு அம்மாள் அருமையாகப் போட்டிருந்த கொத்தவரைப் பாத்தியை ஒரே இரவில் நீல்காய் ஒன்று மொட்டையடித்தது. ஆசியாவிலேயே மிகப் பெரிய இரலை மான் வகை அது. அதற்கு நம் பாத்தி ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் காணாது.

எல்லாவற்றிலும் அழகு சிங்காரா மான். தமிழ்க் காதுக்குச் 'சிங்காரம்' என்றே ஒலிக்கும் பெயர். பெயருக்குக் குறைவில்லாத உருவம். இலை தழைகளிலும் பனியிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே நெடுநாள் உயிர் வாழக்கூடியது. ஆயினும் வைகாசி வெயிலில் அதுவும் சரிந்த சுவரைத் தாண்டித் தொட்டிக்கு வந்துவிடும். எட்டு வயதான நம் பெண் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவ்வளவும் வேடிக்கையாகவே இருந்தன, சென்ற ஆண்டு ஆடி மாதம் வரையில்.

முதல் மழை பெய்த இரவு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் குழந்தை கொல்லைக்குப் போனாள். ரம்பத்தால் மரத்தை அறுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அவளுடைய காலுக்கு ஒரு முழ தூரத்தில், விறகுக் குவியலின் ஓரமாக, சுருட்டை விரியன் ஒன்று உடலை வளைத்துச் செதில்களை உரசிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டோம். பாம்பு பக்கவாட்டில் நெளிந்து இருளில் மறைந்தது.

அன்றிரவு யாரும் தூங்கவில்லை. காரணமும் உண்டு. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் விஷத்தில் பெரும்பகுதி, 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, நம் மாமல்லபுரத்துப் பக்கமிருந்தே போகிறது. தெற்கத்திச் சுருட்டை விரியனுக்கும் மேற்கு ராஜஸ்தானத்துச் சுருட்டை விரியனுக்கும் பெயர் ஒன்றாயினும் விஷத்தின் தன்மை வேறு. அதனால் அம்மருந்து இங்கே அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். விஞ்ஞானம் போதிக்கும் உபாத்தியாயராகிய நமக்கு இது தெரியும். தெரிந்ததனால் பயம் இரட்டித்தது.

"குழந்தையை வைத்துக்கொண்டு இந்தக் காட்டில் எப்படி இருப்பது? ஊருக்கே மாற்றல் கேளுங்கள்" என்றாள் வீட்டு அம்மாள்.

செய்தி கேட்ட வீட்டுக்காரர் மறுநாளே வந்தார். கொல்லையைச் சுற்றி ஆளுயரச் சுவர் எழுப்பி, மேலே முள்கம்பி கட்டி, தரை முழுவதும் சிமெண்டு பூசித் தருவதாகச் சொன்னார். தொட்டியையும் எடுத்துவிடலாம் என்றார். நமக்கும் அது நியாயமாகவே பட்டது.

அப்போது பால் ஊற்ற வந்த கிழவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிஷ்ணோய் வகுப்பினர். 1485-இல் ஜாம்போஜி என்ற மகான் வகுத்த 29 விதிகளைப் பின்பற்றுவோர் அவர்கள். இருபதும் ஒன்பதும் என்பதே அப்பெயரின் பொருள். பச்சை மரத்தை வெட்டலாகாது, உயிர்களிடம் தயை காட்ட வேண்டும் என்பவை அவ்விதிகளில் அடங்கும். 1730-இல் ஜோத்பூர் மகாராஜாவின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் விட்டாள். அவளைத் தொடர்ந்து உயிர் விட்டவர்களையும் சேர்த்து மொத்தம் 363 பேர். அந்தக் கேஜட்லி கிராமம் நம் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.

"காகா ஸா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"மாட்ஸாப், பாம்பு சுவரைத் தாண்டியா வருகிறது? அடியில் இருக்கும் சந்து வழியாக வருகிறது. எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் அது வரும். வராமல் போவது மான் ஒன்றுதான்" என்றார் கிழவர். பிறகு விறகுக் குவியலைக் கைத்தடியால் காட்டி, "பல்லியும் தேளும் எலியும் இதன் அடியில்தான் குடியிருக்கின்றன. அவற்றைத் தின்ன அது வருகிறது. முதலில் இதை அப்புறப்படுத்துங்கள். இருட்டில் செருப்பில்லாமல் குழந்தையை விடாதீர்கள்" என்றார்.

நாம் கல்லூரியில் படித்த பிராணி சாஸ்திரமும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் பயந்தவனுக்குச் சாஸ்திரம் எங்கே நினைவுக்கு வருகிறது?

வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் தவணை சொன்னோம். விறகையும் உடைந்த செங்கற்களையும் அகற்றினோம். சுவரின் அடியிலிருந்த பொந்துகளை அடைத்தோம். ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலைந்து தெரு நாய்கள் துரத்திவர, சிங்காரா ஒன்று சரிந்த சுவரைத் தாண்டி நம் கொல்லைக்குள் விழுந்தது. முன்னங்காலில் இரத்தம். நாம் கழியை எடுத்துக்கொண்டு ஓடினோம். நமக்கு முன்னாலேயே அங்கே நின்று நாய்கள்மீது கல்லை வீசிக்கொண்டிருந்தவள், ஊருக்கே போய்விடலாம் என்று சொன்ன வீட்டு அம்மாள்தான்!

நாய்கள் விலகிப் போயின. மான் இருட்டும் வரை தொட்டியின் ஓரத்தில் நின்று இளைப்பாறிவிட்டு, சற்றே நொண்டியபடி வெளியேறியது. ஆளுயரச் சுவரும் முள்கம்பியும் அன்று இருந்திருந்தால் அது எங்கே விழுந்திருக்கும் என்பதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

மறுநாள் வீட்டுக்காரரிடம் போய், சுவர் வேண்டாம், அந்தப் பணத்தில் சிறிது செலவிட்டுக் கொல்லைக்கு ஒரு நல்ல மின்சார விளக்குப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அவரும் போட்டுக்கொடுத்தார். இந்த ஆண்டு வீட்டு அம்மாள் கொத்தவரைப் பாத்தியை இரண்டு மடங்காக்கியிருக்கிறாள். பாதி நமக்காம், பாதி நீல்காய்க்காம். நீல்காய் இந்தப் பாகப்பிரிவினையை ஒப்புக்கொள்ளுமா என்பது ஐப்பசிக்குள் தெரிந்துவிடும்.