பாட்டு இனிக்கிறது, பாடுபவர் கசக்கிறாரா?

இசைக்கு நிறமில்லை என்பர். இசைப்போருக்கு நிறம் பார்த்த கொடுமையை நாம் மறக்கலாமா?

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், அடிமைத்தளை அறுந்தோர்க்கு அறிவூட்ட 1866-இல் எழுந்தது ஃபிஸ்க் கல்விக்கூடம். பணமின்றி அது மூடப்படும் நிலை வந்தது. 1871-இல் மாணவ மாணவியர் ஒன்பதின்மர், பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். அடிமைப்பட்ட முன்னோர் பாடிய பாட்டே அவர்தம் முதல். அரங்கிலே கைதட்டல், விடுதி வாயிலிலே கதவடைப்பு!

1873-இல் கடல் கடந்து பிரிட்டன் சென்றனர். விக்டோரியா அரசி முன் பாடினர். பிரதமர் கிளாட்ஸ்டன் இல்லத்தில் விருந்துண்டனர். பிறந்த மண் மறுத்த மதிப்பை அயல் மண் அளித்தது!

ஆயினும் அது மலர்ப்பாதையன்று. ஊர் ஊராய் அலைச்சல், ஓயாத பாட்டு, ஓய்வறியா உடல், நோய். அடுத்த ஐரோப்பியப் பயணமும் அவர்களை வாட்ட, 1878-இல் குழு கலைந்தது.

ஈட்டிய பொருள் என்னாயிற்று? மாணவர் தங்கிப் பயில ஜூபிலி மாளிகையாயிற்று. 1876-இல் திறக்கப்பட்ட அது இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அவர்கள் பாட்டில் கடவுள் பெயர் உண்டு, நாம் மறைக்கவில்லை. ஆனால், மாளிகையை எழுப்பியது வேண்டுதலன்று, வியர்வை!

பறையோசைக்குத் தலையாட்டிவிட்டு, பறையடித்தவரை எட்டி நிற்கச் சொன்ன சமூகத்தில் பிறந்த நாம், இதை அயலார் கதையென ஒதுக்கலாமா? கலையைப் போற்றுவோர் கலைஞருக்குச் சரியாசனம் தரட்டும். அதுவரை நம் கைதட்டல் வெற்றோசையே!