ஜூஜூவாடி எல்லையும் தடையற்ற வணிகமும்

வரியோ தடையோ இன்றிப் பொருள்கள் எல்லை கடந்தால் அண்டை மக்களிடையே பகை தணியும் என்பது தடையற்ற வணிகக் கோட்பாடு. சானமாவு வழியாக ராயக்கோட்டைத் தக்காளி பெங்களூருக்குப் போகும் ஓசூர் வட்டாரம் அதைப் பாதியளவே மெய்ப்பிக்கிறது. அரசமைப்பின் 301ஆம் பிரிவு நாடெங்கும் வணிகச் சுதந்திரத்தை உறுதிசெய்திருந்தும், 2016 செப்டம்பரில் காவிரி நீர்ப் பங்கீட்டை ஒட்டிக் கலவரம் மூண்டபோது, கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு அப்பால் செல்ல அஞ்சிய தமிழ்நாட்டு லாரிகள் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஜூஜூவாடிப் பக்கம் வரிசைகட்டி நின்றன. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் அகன்று, பில்லைக் காட்டக் காத்துக்கிடக்கும் நிலை ஒழிந்தது. தண்ணீர்ச் சச்சரவோ அதனால் தீரவில்லை. அதற்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் தேவைப்பட்டன.