வீட்டில் ஆள் இல்லையாம்

போன மாசம் 9 நாள் எங்க போர் மோட்டார் ஓடவில்லை. தோட்டத்தில் சின்ன வெங்காயம் ஒன்றரை ஏக்கர், நட்டு 40 நாள். காய் திரளுகிற பருவம். தாராபுரம் பக்கத்து வெயிலுக்கு நாலு நாளைக்கொரு தண்ணி விட்டே ஆகணும்.

மோட்டார் உறுமிக்கிட்டு ஓடிச்சு, ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுந்துச்சு. மெக்கானிக்கும் நாலு ஆளுமாகக் குழாய் குழாயாகக் கழற்றி வெளியே எடுக்கவே சாயங்காலம் ஆயிருச்சு. "காயில் நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா, த்ரஸ்ட் பேரிங்தான் தேஞ்சு போச்சு" என்றார். மோட்டாருக்கு அடியில் உட்கார்ந்து மேலே சுற்றுகிற பாரத்தையெல்லாம் தாங்குற தட்டு அது. மணல் ஏறினால் தேஞ்சிரும். உள்ளங்கையில் அடங்குற சாமான்.

டவுன் கடையில், "அந்த மாடலே இப்ப வர்றதில்லைங்க" என்று கைவிரிச்சுட்டாங்க. சென்னையில் இருக்கிற மகன், "எதுக்குப்பா அலையறீங்க, மூணு நாள்ல வீட்டுக்கே வந்துரும்" என்று போனிலேயே ஆர்டர் போட்டான்.

மூணாம் நாள் மெசேஜ் வந்துச்சு: கொடுக்க வந்தோம், வீட்டில் ஆள் இல்லை. அன்னைக்கு நான் கட்டுத்தறியை விட்டு நகரவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டால் அந்தத் தம்பி, "மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கங்கண்ணா, உள்ள வந்தா பெட்ரோலுக்கே கட்டாது" என்றான். அவனையும் குத்தம் சொல்ல முடியலை. பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலியாம்.

அதுக்குள்ள வெங்காயத் தாள் நுனி பழுக்க ஆரம்பிச்சுருச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நானும் வரப்புத் தகராறில் மூணு வருஷமாகப் பேசுறதில்லை. எனக்குச் சொல்லாமல் வீட்டம்மா போய் அவர் சம்சாரத்திடம் கேட்டிருக்கிறாள். ராத்திரி மூணு பேஸ் கரண்டு வந்ததும் அவர் கிணத்துத் தண்ணி எங்க வாய்க்காலில் வந்துச்சு. "மடை மாத்திக்கச் சொல்லு" என்று இருட்டுக்குள் அவர் பையனிடம் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் மம்பட்டியை எடுத்துட்டுப் போனேன். பேசலை.

இன்னும் ரெண்டு நாள் இழுத்து, மெயின் ரோட்டில் நின்னு பார்சலை வாங்கிப் பிரிச்சால், 4 இஞ்ச் மோட்டாருக்கான பேரிங். நம்மது 6 இஞ்ச். படத்தில் ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மறுநாள் தேஞ்ச தட்டை மஞ்சப்பையில் போட்டுக்கிட்டு கோயமுத்தூர் பஸ் ஏறினேன். கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பெரியவர் ஒருத்தர் தட்டைக் கையில் வாங்கினார், திருப்பிக்கூடப் பார்க்கலை, உள்ளே போய் அதே சாமானைக் கொண்டு வந்து வெச்சார். முதல் நாளே இதைச் செஞ்சிருக்கலாம். மகனிடம் இதைச் சொல்லலை, அவன் நல்லதுக்குத்தான் செஞ்சான்.

ஒன்பதாம் நாள் மோட்டாரை இறக்கினோம். மேட்டுப்பக்கம் நாலஞ்சு பாத்தி மட்டும் தேறலை.

தப்பாக வந்த பேரிங்கைத் திருப்பி எடுத்துக்கிறோம் என்று சொன்னாங்க. நேத்து மெசேஜ் வந்திருக்கு: எடுக்க வந்தோம், வீட்டில் ஆள் இல்லை. நானும் நாயும் வாசலிலேயேதான் படுத்திருந்தோம். காக்கா வந்தாலே குலைக்கிற நாய் அது.