போய்வரும் நேரம்

தமிழ்த்துறைக்கும் நூலகத்துக்கும் இடையே நூறடி தொலைவுதான். ஆயினும் நூலகக் கணிப்பொறியிலுள்ள நூற்பட்டியல் நம் மேசைக்கு வந்து சேர ஒரு யுகம் ஆகிவிடும். கம்பிவடத்தில்தான் பழுது என்று பலநாள் முறையிட்டு வந்தோம். ஒருநாள் கணிப்பொறித் துறை நண்பர் வந்தார். நம் நாற்காலியில் அமர்ந்து 'பிங்' என்று ஓர் ஆணையிட்டார். திரையில் நான்கு வரிகள் தோன்றின. ஒவ்வொன்றிலும் போய்வர ஆன நேரம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. "வழியில் குற்றமில்லை ஐயா, தாமதமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளே" என்றார்.

அச்சொல்லின் பின்னே சென்று சிறிது கற்றோம். பிங் என்பது மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில், அமெரிக்காவின் மேரிலாந்திலிருந்த ராணுவ ஆய்வுக்கூடத்தில் எழுதிய சிறு நிரல். நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் சோனார் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. புறப்பட்ட வேளையும் திரும்பிய வேளையும் ஒரே கடிகாரத்தில் பார்க்கப்படுவதால், இருமுனைக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

1973இல் ராபர்ட் மெட்காஃப் பெயர் சூட்டிய ஈதர்நெட்டின் உள்ளேயே இக்கணக்கு உறைந்திருக்கிறது. பழைய 10 மெகாபிட் ஈதர்நெட்டில் பல கணிப்பொறிகள் ஒரே கம்பியில் பேசின. இரண்டு ஒருங்கே பேசினால் மோதல். அம்மோதலின் செய்தி கடைக்கோடியிலிருந்து திரும்புமுன் பேசி முடித்துவிடலாகாது. எனவே மிகச் சிறிய சட்டகமும் 64 பைட்டாவது இருக்கவேண்டும் என விதித்தனர். அதை அனுப்ப 51.2 மைக்ரோ நொடி ஆகும்.

நம்மை உலுக்கியது வேறொன்று. ஒய்.1731 என்னும் நெறிப்படி நான்கு நேர முத்திரைகள் இடலாம்: புறப்பட்டது, மறுமுனை பெற்றது, மறுமுனை திருப்பியது, வந்து சேர்ந்தது. மொத்த நேரத்திலிருந்து மறுமுனை வைத்திருந்த நேரத்தைக் கழித்தால் எஞ்சுவதே வழியின் தாமதம்.

சில ஆண்டுகளுக்குமுன் நம் பழைய மாணவர் ஒருவர் தாம் எழுதிய முதல் சிறுகதையை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். ஏழு மாதம் கழித்து மறுமொழி எழுதினோம். தபால் தாமதமாகிவிட்டது என்றும் எழுதினோம். "பரவாயில்லை ஐயா, இப்போது எழுதுவதில்லை" என்று இரண்டே நாளில் பதில் வந்தது. தபால் எத்துணை விரைவாக ஓடுகிறது என்பதற்கு அதுவே சான்று.

கழித்துப் பார்த்தோம். வழியில் நான்கு நாள். எஞ்சியதெல்லாம் நம் மேசை இழுப்பறை. அன்று எழுதாத உண்மையை நேற்று அவருக்கு எழுதி அனுப்பிவிட்டோம். இனிக் காத்திருத்தல் நம் முறை.