தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பாதை

சைக்கிள் வாங்கியிருக்கேன்னு போன்ல சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏய்யா, பேங்க் ஆபீசருக்குக் கார் லோன் தர மாட்டாங்களா?" விலையைச் சொல்லலை. சொல்லியிருந்தா போடியிலேர்ந்து பஸ் ஏறி வந்திருப்பாங்க.

இந்த வகைக்கு கிராவல் பைக்னு பேர். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும், ஹேண்டில்பார் கீழே வளைஞ்சிருக்கும். வித்தியாசம் டயர்லதான். ரேஸ் சைக்கிள் டயர் விரல் தடிமன்னா இது அதைவிட ஒண்ணரை மடங்கு, 40 மி.மீ. இருக்கும். காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா ஜல்லி, செம்மண், வண்டித்தடம் எதுலயும் இடுப்பு ஒடியாம போகலாம். நாற்பதைத் தாண்டினவனுக்கு இடுப்புதாங்க முக்கியம்.

எனக்கு இந்தக் கிறுக்கு ஊர்லயே பிடிச்சது. மதுரை–போடி மீட்டர்கேஜ் லைன் 1928-ல வந்தது. உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தைப் பெயர்த்துட்டுப் போய், 1950-கள்ல திரும்பப் போட்டாங்க. 2010 கடைசியில அகலப்பாதை வேலைக்காக மறுபடியும் மூடினாங்க. தேனிக்கு ரயில் வர 2022 மே, போடிக்கு வர 2023 ஜூன் ஆயிடுச்சு. நடுவுல பத்து வருஷத்துக்கு மேல அது சும்மா கிடந்த மேடு. லீவுல போறப்ப எல்லாம் அக்கா பையனோட பழைய சைக்கிளை எடுத்துக்கிட்டு தேனிப் பக்கம் அந்த மேட்டு மேலயே போவேன். ரயில் பாதைக்கு ஒரு குணம் உண்டு. ஏத்தம்னே தெரியாம ஏத்தும். எஞ்சினுக்காகப் போட்ட சரிவு, மனுஷன் காலுக்கும் சரியா இருக்கும். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, எதிர்ல ஆடு மேய்க்கிறவங்க, பாலத்துல மட்டும் இறங்கித் தள்ளணும். அவ்வளவுதான்.

நியூசிலாந்துல இருக்கிறவங்க ஒடாகோ பாதை போயிருப்பீங்க. 152 கி.மீ., மூடின ரயில் பாதையை 2000-ல முழுசா சைக்கிளுக்குத் திறந்தாங்க. மெல்போர்ன்காரங்களுக்கு லில்லிடேல்–வார்பர்ட்டன், இங்கிலாந்துல பிரிஸ்டல்–பாத். ரயில் நின்ன இடத்துல சைக்கிள் ஓடுது. நம்ம பக்கம் மூடின பாதை ஒண்ணு மறுபடி ரயில் பாதையாகும், இல்லேன்னா யாராவது வீடு கட்டிடுவாங்க.

சரி, திருப்பதிக்கு வருவோம். மாற்றல் ஆகி இங்க வந்து மூணு வருஷமாச்சு, ஊர்லேர்ந்து சுமார் 600 கி.மீ. தள்ளி. வந்த புதுசுல 'பழைய மீட்டர்கேஜ் எங்கேயாவது கிடக்கா'ன்னுதான் முதல்ல தேடினேன். தென்னிந்திய ரயில்வே 1891-ஐ ஒட்டிப் போட்ட லைன் இது. விழுப்புரத்துல கிளம்பி திருவண்ணாமலை, போளூர், வேலூர், காட்பாடி, சித்தூர் வழியா பாகாலா. அங்கே ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு திருப்பதிக்கும் இன்னொண்ணு மதனப்பள்ளி, கதிரி பக்கமா தர்மாவரத்துக்கும் போகுது. ஆனா கைவிட்ட பாதைன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடைக்கலை. பெரும்பாலும் அதே மேட்டு மேலயே அகலப்பாதை போட்டுட்டாங்க. கிடைச்சதெல்லாம் ஓரம்தான்: லைனுக்கு வெளியே கிராமத்து வண்டித்தடம், ஏரிக்கரை, மாந்தோப்பு நடுவுல போற செம்மண் பாதை. (தண்டவாளத்தை ஒட்டியே போகாதீங்க. ரயில்வே சட்டம் பிரிவு 147, அத்துமீறல். ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லே 1000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லே ரெண்டும். பி.காம். படிச்சவன் பிரிவு நம்பர் பார்க்காம சைக்கிள்கூட எடுக்க மாட்டான்.)

ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரைக்குக் கிளம்புவோம், நானும் பையனும். அவனுக்கு 14 வயசு, தமிழைவிட தெலுங்கு வேகமா படிக்கிறான். சந்திரகிரி கோட்டையில வெளிச்சம் வந்துடும். அங்கேர்ந்து ஸ்வர்ணமுகி ஆத்தை விட்டு விலகி, பனபாக்கம் பக்கமா பாகாலா. பாதி தார், பாதி மண். ஜூன் மாசம்னா தோத்தாபுரி மாங்காய் லாரிங்க கூழ் ஃபேக்டரி வாசல்ல வரிசை கட்டி நிக்கும், காத்துலயே புளிப்பு. பாகாலா ஸ்டேஷன் வெளியே இட்லி, காரச் சட்னி. பாகாலாவோட முடிச்சுக்கிட்டா நல்லது. வெயில் ஏறிட்டா சித்தூர் வரைக்கும் போறது வீம்பு.

மலைப்பக்கம் போறதுதான் சிக்கல். சந்திரகிரியிலேர்ந்து வடக்கே திரும்பினா சேஷாசலம். 1989-லேர்ந்து உள்ளே ஒரு பகுதி ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா, 2010-ல மலைத்தொடரையே உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சாங்க. கென்னத் ஆண்டர்சன் 1954 புத்தகத்துல எழுதின ஆட்கொல்லிப் புலியோட சாமலா பள்ளத்தாக்கு இந்தப் பக்கம்தான். இப்ப சிறுத்தை. 2023 ஆகஸ்ட்ல அலிபிரி நடைபாதையில ஆறு வயசுப் பொண்ணை அடிச்சுக் கொன்னுடுச்சு. ஆக, மேப்புல பச்சைக்குள்ள ஒரு கோடு தெரியுதேன்னு அனுமதி இல்லாம நுழையறது கிறுக்குத்தனம்.

ஒரு தடவை ஸ்ரீவாரி மெட்டுப் பக்கம் ஊருக்கும் காட்டுக்கும் நடுவுல போற மண் பாதையில வந்துக்கிட்டிருந்தோம். காவலுக்கு நின்ன ரெண்டு பேர் கையைக் காட்டினாங்க. நான் பையன்கிட்ட தமிழ்ல "பிரேக் பிடி"ன்னேன். அதைக் கேட்டதும் அவங்க முகம் மாறிடுச்சு. "ஏ ஊரு சார்?" எங்கே வேலை, எங்கே வீடு, பையில என்ன. பையில வாழைப்பழமும் பஞ்சர் பசையும். பேங்க் அட்டையைக் காட்டினதும் சிரிச்சாங்க, "லோன் விஷயமா வரோம் சார்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க, குறை சொல்ல ஒண்ணுமில்லை.

ஆனா பையன் விடலை. "தமிழ் பேசினதுக்கு ஏம்ப்பா அப்படிப் பார்த்தாங்க?"

டீக்கடையில உட்கார வச்சு சொன்னேன். 2015 ஏப்ரல் 7. இதே சந்திரகிரி மண்டலம், இதே ஸ்ரீவாரி மெட்டுப் பக்கத்துக் காடு. செம்மரம் வெட்ட வந்தவங்கன்னு சொல்லி போலீஸ் சிறப்புப் படை சுட்டதுல 20 பேர் செத்தாங்க. எல்லாரும் தமிழ்நாடு, திருவண்ணாமலை, தருமபுரி மாதிரி மாவட்டங்கள், பலபேர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடிங்க. தற்காப்புக்காகச் சுட்டோம்னு போலீஸ் சொன்னாங்க. போலி என்கவுன்டர்னு மனித உரிமை அமைப்புங்க சொன்னாங்க. செம்மரம் இயற்கையா வளர்ற காடு உலகத்துலயே இந்தச் சுத்துவட்டாரம்தான். விலை வெளிநாட்டுல. வெட்டுறவனுக்குக் கூலி, கடத்துறவனுக்கு லாபம். கணக்குல யார் பேர் எந்தப் பக்கம் ஏறும்னு பேங்க்காரன் சொல்லித் தெரிய வேண்டாம்.

"நம்ம லைன்லதான் வந்தாங்களா?"ன்னான். போளூர், கண்ணமங்கலம்னு ஜவ்வாது மலை அடிவாரத்து ஸ்டேஷன் பேரெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கான், ரயில் பைத்தியம். பஸ்ல வந்தப்பவே கூட வந்தவங்களை இறக்கிட்டுப் போனாங்கன்னு தப்பிச்சவர் ஒருத்தர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவங்ககிட்டயும் ஐடி கார்டு கேட்டிருப்பாங்களாப்பா?"ன்னான்.

எனக்குப் பதில் தெரியலை. டீக்குக் காசு கொடுத்துட்டு எழுந்தேன்.

அந்தப் பாதையை விட்டுடலாமான்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. விடலை, ஆனா ரெண்டு விஷயம் மாத்தியிருக்கோம். காட்டு வேலி ஓரமா ஆறரைக்கு முன்னாடியும் சாயங்காலத்துலயும் போறதில்லை. நிறுத்தினா முதல்ல பேசுறது பையன், தெலுங்குல. ஆனா எங்களுக்குள்ள தமிழ்லதான் பேசிக்கிறோம். அதை மாத்தச் சொல்லி நான் சொல்லலை, அவனும் கேட்கலை. தலகோனா அருவிக்கு மட்டும் டிக்கெட் வாங்கிட்டு, எல்லாரும் போற ரோட்டுலயே போயிட்டு வந்தோம். பாக்கராப்பேட்டை ஏத்தத்துல என்னைப் பாதியிலயே விட்டுட்டுப் போயிட்டான் படவா :-)

ஊருக்கு வர்றப்ப திருமலையோட சேர்த்து ஒரு நாள் ஒதுக்க முடிஞ்சவங்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்ல மாசம், ஜூன்ல மாங்காய் வேணும்னா வெயிலைத் தாங்கணும். கருவேல முள்ளுக்கு மாத்து டியூப் ரெண்டாவது வேணும். சீக்கிரம் வாங்க. திருப்பதி–பாகாலா–காட்பாடி 104 கி.மீ.க்கு இரண்டாவது லைன் போட 2025 ஏப்ரல்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துடுச்சு, சுமார் 1,332 கோடி. ரயிலுக்கு நல்லது, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். நாங்க ஓட்டுற செம்மண் தடத்துல எவ்வளவு மிஞ்சும்னு மட்டும் தெரியலை.