ஓடாத வண்டியின் வயது

குறைவாகப் பாவித்த பொருள் புதுப்பொருளுக்குச் சமானம் என்பது நம்மவரிடையே வேரூன்றிய ஒரு நம்பிக்கை. பெட்டிக்குள் வைத்த கூறைச் சேலையையும் அலுமாரியில் அடுக்கிய பீங்கான் கோப்பைகளையும் உதாரணமாகக் காட்டுவார்கள். ஆனால், அந்தக் கூறைச் சேலையைக்கூட இடையிடையே வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். மாற்றாவிடின் மடிப்பு வழியே பட்டு இற்றுப்போகும் என்பதை அவர்கள் அறிவார்கள். பட்டுச் சேலைக்கு உரிய இந்த உண்மை, ரப்பரும் எண்ணெயும் உலோகமும் சேர்ந்து இயங்கும் மோட்டார் வண்டிக்கு எவ்வளவு அதிகமாகப் பொருந்தும் என்பதை எடுத்துக்கூறவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

என் மனைவியின் தம்பியார் 2019 ஆம் ஆண்டில் சுசுக்கி பேர்க்மன் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். அகன்ற முகப்பும், நீண்ட ஆசனமும், கால்களை முன்னே நீட்டி வைக்க இடமும் கொண்ட இத்தகைய வண்டிகளை ‘மக்ஸி ஸ்கூட்டர்’ என்பார்கள். 1986 இல் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட 250 சீசீ வண்டி இவ்வகைக்கு வழிகாட்டியது. பேர்க்மன் என்ற பெயர் 1998 இல் பிறந்தது. மேல்நாடுகளில் பெரிய எஞ்சின்களோடு நெடும்பிரயாணம் செய்யும் அக்குடும்பத்தில், 125 சீசீ வலுவுடைய இந்த வண்டி சிறிய பிள்ளை எனலாம்.

அவ்வருட இறுதியிலேயே தம்பியார் கனடாவுக்குப் பயணமானார். 2020 மார்ச்சில் நாடு முடங்கியது. 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அக்காலத்தில் நின்ற வண்டியை ஓட்டிப் பார்க்கும் எண்ணம் எவருக்கு வரும்? வீட்டுப் பத்தியிலே, படங்கினால் மூடப்பட்டு அது அப்படியே நின்றது. 2025 ஆம் ஆண்டில் படங்கை விலக்கியபோது தூரமானி காட்டிய தொகை 2,900 கிலோமீற்றர்.

படங்கை விலக்க வைத்தவள் என் மகள். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வாரந்தோறும் வீட்டுக்கு வந்து திரும்ப அந்த ஸ்கூட்டரே போதும் என்றாள். ஏ-9 வீதியில் அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் அது. ஆனையிறவிலே கடல்நீரேரியின் குறுக்கே செல்லும்போது சோளகக் காற்றுப் பக்கவாட்டில் மோதும். பஸ் வண்டிகளும் பாரவண்டிகளும் முந்திச் செல்லும்போது சிறு வண்டிகள் ஆடும். பெற்ற மனம் எப்படி எளிதில் சம்மதிக்கும்?

தம்பியாரோ தொலைபேசியில், “அத்தான், அது மூவாயிரமும் ஓடாத வண்டி. பற்றரியை மாத்தி, பெற்றோல் அடிச்சுப் பிள்ளையிட்டைக் குடுங்கோ” என்றார். மருமகள்மீது கொண்ட அன்பினால் வந்த வார்த்தை அது. எனினும் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. தூரமானி தூரத்தை மாத்திரமே எண்ணும். வெயிலையும் மாரியையும் எண்ணாது.

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் அயலிலே கராஜ் வைத்திருக்கிறார். அவரை அழைத்தேன். வண்டி எவ்வளவு ஓடியது என்று அவர் கேட்கவேயில்லை. தரையிலே குந்தியிருந்து, ரயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்து, அங்கே பொறிக்கப்பட்டிருந்த நான்கு இலக்கங்களை என் மகளுக்குக் காட்டினார். ‘0819’ என்றிருந்தது. 2019 ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் வார்க்கப்பட்ட ரயர் என்பது அதன் பொருள். தவாளிப்புகள் புதிதுபோலவே ஆழமாயிருந்தன. ஓரங்களில் மெல்லிய ரப்பர் இழைகளும் உதிராமல் நின்றன. ஆயினும், பக்கச் சுவரை அழுத்திப் பார்த்தபோது மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின.

“தவாளிப்பு இருக்கு சேர். ஆனா மழைக்கு ரோட்டைப் பிடிக்காது” என்றார் அவர். காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் ரப்பரைச் சிறிது சிறிதாக இறுகச் செய்யும். இறுகிய ரப்பர், ஈரத் தார் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படிந்து கொடாது. ஐந்து வருடங்கள் கடந்த ரயரை வருடந்தோறும் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்றே தயாரிப்பாளர்கள் பலரும் கூறுகின்றனர். இந்த வண்டியின் பின்சில்லோ பத்து அங்குல விட்டமுடையது. சிறு குழிகூட அதற்குப் பெரிதாகும். இரண்டு ரயர்களையும் மாற்றத் தீர்மானித்தோம்.

அடுத்தது பிறேக். முன் பிறேக்கின் திரவம் தேநீர் நிறமாகியிருந்தது. இத்திரவத்துக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. ‘டொட் 4’ தரத்துத் திரவம் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசு வரையேனும் கொதியாது தாங்கவேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கு விதிக்கப்பட்ட எல்லை 155 பாகைதான். தொடர்ந்து பிறேக் பிடிக்கும்போது வெப்பமேறித் திரவம் கொதித்தால் நீராவி உண்டாகும். ஆவி அமுங்கும் தன்மையுடையது. கைப்பிடி உள்ளே போகும், வண்டி நில்லாது. இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை இதனை மாற்றும்படி சொல்வது இக்காரணத்தினாலேயே. பின்சில்லின் உருளைக்குள் படிந்த துருவையும் மணற்கடதாசியால் தேய்த்தகற்றினோம்.

ஸ்கூட்டருக்குச் சங்கிலி இல்லை. எஞ்சினின் வலுவைப் பின்சில்லுக்குக் கொண்டுசெல்வது ஒரு ரப்பர்ப் பெல்ற். மூடியைக் கழற்றியபோது, ஒரே வளைவில் ஆண்டுக்கணக்கில் நின்றதனால் அதன் உட்பற்களில் வெடிப்புகள் விழுந்திருந்தன. நெடுவீதியிலே அது அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே வலுவிழந்துவிடும். அதனையும் மாற்றினோம். பின் அச்சிலுள்ள பற்சில்லுகளுக்கென ஒரு சிறிதளவு ஒயில் தனியாக உண்டு. எஞ்சின் ஒயிலை மாற்றுவோரிற் பலர் இதனை மறந்துவிடுவார்கள்.

தாங்கியிலிருந்த பெற்றோலில் வார்னிஷ் நெடி வீசியது. எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பிசினாகிக் காபரேற்றரின் ஊசிமுனைத் துளைகளை அடைத்திருந்தது. காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலி தும்பு சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. புகைக்குழாயின் வாயைக் குளவி மண்ணால் பூசியிருந்தது. இவற்றையெல்லாம் சுத்தம் செய்து, பிளக்கைக் கழற்றி அத்துளையில் சில துளி ஒயில் விட்டு, எஞ்சினைக் கையாற் சுழற்றிய பின்னரே புதிய பற்றரியைப் பூட்டினோம். என் மகள் கறைபடிந்த கைகளோடு ஒவ்வொரு வேலையையும் தேதியிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

செலவு சிறிதன்று. மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி கரைந்தது. “புதுசு போலக் கிடந்த ரயரையும் கழட்டி எறிஞ்சாச்சே” என்று மனைவி வருந்தினாள். நான் பழைய ரயரையும் புதியதையும் அருகருகே வைத்து, இரண்டிலும் நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அதன்பின் அவள் அதைப்பற்றிப் பேசவில்லை.

காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்திய பின்பே வண்டி வீதிக்கு இறங்கியது. முதலில் ஒழுங்கைக்குள் ஐந்து கிலோமீற்றர், பின்பு சாவகச்சேரி வரை, அதன்பின் ஆனையிறவு வரை நானே ஓட்டிச் சென்றேன். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் ஒயில் கசிகிறதா, ஆணிகள் தளர்ந்தனவா எனத் தந்தையும் மகளுமாகப் பார்த்தோம். புதிய ரயர் வழுவழுப்பு நீங்கிப் பழகுவதற்கு முதல் நூறு கிலோமீற்றர் வரை மெதுவாகச் செல்லவேண்டும். முந்நூறு கிலோமீற்றர் ஓடியபின் எஞ்சின் ஒயிலை மறுபடியும் மாற்றினோம். அதன் பின்னரே என் மகள் தனியே புறப்பட்டாள். அறிவியல் நகரை அடைந்து அவள் தொலைபேசியில் அழைக்கும்வரை என் மனைவி அடுப்படிக்குள் போகவில்லை.

வெளிநாடு சென்றோர் விட்டுச்சென்ற வண்டிகள் நம்மவர் வீட்டுப் பத்திகளிலே இன்னும் பல உறங்குகின்றன. அவற்றை நம் பிள்ளைகள் ஓட்ட விரும்புவது இயல்பே. பெற்றோரும் மாணவரும் ஒன்றை மாத்திரம் மனங்கொள்ளவேண்டும். பலரும் பற்றரியிலே தொடங்கி, எஞ்சின் முழங்கியதும் வேலை முடிந்தது என எண்ணுகின்றனர். ரயரின் பிறந்த வாரத்தைப் பார்த்து, பிறேக்கைச் சீர்செய்து, பெல்ற்றைச் சோதித்து, இறுதியிலேயே பற்றரிக்கு வரவேண்டும். நின்ற வண்டியை ஓடவைப்பது எளிது. ஓடும் வண்டி நினைத்த இடத்தில் நிற்பதற்கே நாம் பணத்தையும் பொறுமையையும் செலவிடவேண்டும்.