பெயர் இல்லாத நான்கு அரசிகள்

மாமல்லபுரத்தில் பேருந்து இறக்கிவிடும் கூட்டம் கடற்கரைக் கோயிலுக்கும், ஐந்து ரதங்களுக்கும், வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் ஓடும். நேரம் மிச்சமிருந்தால் அர்ச்சுனன் தபசு. குன்றின் மேற்குச் சரிவில் இருக்கும் ஆதிவராகர் குகைக்கு வழி கேட்பவர்கள் குறைவு. கேட்டுக்கொண்டு போனாலும் பாதி நேரம் கதவு பூட்டிக் கிடக்கும். நான் மூன்று முறை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். நான்காம் முறை பூசைக்காகத் திறந்த நேரத்தில், கையில் துளசியோடு இரண்டு பாட்டிகள் பின்னால் நுழைந்தேன்.

உள்ளே வராகர் சுதை உருவமாக, வர்ணம் பூசி நிற்கிறார். பூதேவி அவருக்கு வலப்புறம். அதனால் இந்தத் தலத்துக்குத் திருவலவெந்தை என்று பெயர். வடக்கே கடற்கரைச் சாலையில் இருக்கும் திருவிடந்தையில் தாயார் இடப்புறம் என்பதால் அது இடவெந்தை. வலமும் இடமுமாக இரண்டு வராகர்களை ஒரே கரையில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களின் கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் அங்கே போவது வராகருக்காக மட்டும் அல்ல. குகை மேற்குப் பார்த்தது. உள்ளே நுழைந்து கருவறையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்குச் சுவர், வலக்கைப் பக்கம் தெற்குச் சுவர். இரண்டிலும் ஒரு குடும்பம் நிற்கிறது.

வடக்கே ஆசனத்தில் உட்கார்ந்த அரசன். இருபுறமும் ஒவ்வோர் அரசி. தலைக்கு மேலே பல்லவ கிரந்தத்தில் பெயர்: சிம்மவிஷ்ணு போத்ராதிராஜன். எதிர்ச்சுவரில் நின்ற கோலத்தில் இன்னோர் அரசன். கூட இரண்டு அரசிகள். அவன் மகேந்திர போத்ராதிராஜன். இருவரும் பல்லவர்கள். பல்லவம் என்றால் தளிர். தமிழில் போத்து என்றாலும் இளந்தளிர்தான். பல்லவரைப் போத்தரையர் என்று கல்வெட்டுகள் சொல்வதை இதோடு சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு.

யார் இந்த இருவர்? இங்கேதான் சண்டை. இந்தச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி எச். கிருஷ்ண சாஸ்திரி 1926இல் தனி நூலே எழுதினார். ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட சிம்மவிஷ்ணுவும் அவன் மகன் முதலாம் மகேந்திரனும் என்பது ஒரு கட்சி. வாதாபியை எரித்த நரசிம்மவர்மன்தான் 'சிம்மவிஷ்ணு', கூட இருப்பவன் அவன் மகன் இரண்டாம் மகேந்திரன் என்பது இன்னொரு கட்சி. 1962 வாக்கில் இரா. நாகசாமி, மாமல்லபுரத்துச் சின்னங்கள் எல்லாமே பின்வந்த பல்லவ அரசன் ராஜசிம்மன் வேலை என்று ஒரே போடாகப் போட்டார். அவர் வழியில் போனால் இது ராஜசிம்மனும் அவன் மகன் மூன்றாம் மகேந்திரனும் என்று சொல்லவும் இடம் வந்துவிடும். மூன்று தலைமுறையிலும் மகேந்திரன் ஒருவன் இருந்து தொலைத்ததால் வந்த வினை.

சிசிலித் தீவை ஆண்ட நார்மன் அரசர்களிடமும் இதே தொல்லை. ரோஜருக்குப் பின் மகன் வில்லியம், பேரனும் வில்லியம். அங்குள்ளவர்கள் ஒருவனைக் 'கெட்டவன்' என்றும் மற்றவனை 'நல்லவன்' என்றும் பட்டம் கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். நம் முதலாம் மகேந்திரனோ மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன் என்று தனக்குத்தானே பட்டங்களை வாரிச் சூட்டிக்கொண்டவன். இந்தச் சுவரில் அவற்றில் ஒன்றை வெட்டியிருந்தால் நூறு வருடச் சண்டை மிச்சம்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கல்லில் சிம்மவிஷ்ணு என்று இருக்கிறது. அதை ஏன் வளைத்து நரசிம்மன் ஆக்க வேண்டும்? சிம்மவிஷ்ணு திருமால் பக்தன் என்று உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. அவன் மகன்தான் தான் என்று மகேந்திரனே தன் 'மத்தவிலாசம்' நாடகத்தின் தொடக்கத்தில் சொல்லிக்கொள்கிறான். திருமால் கோயிலில் அப்பனையும் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்த இதைவிடப் பொருத்தமான சோடி எது? வேலையைச் செய்தது பேரனோ கொள்ளுப்பேரனோ ஆகட்டும். பரமேசுவர மகாவராக விஷ்ணுகிருகம் என்று பிற்காலக் கல்வெட்டு இந்தக் குகையை அழைப்பதால், மகேந்திரனின் கொள்ளுப்பேரன் பரமேசுவரவர்மன் பங்கு இருந்திருக்கவேண்டும். முன்னோர் படத்தைச் சுவரில் மாட்டாத வீடு நம்மில் எது?

இனி என் மூலை. தெற்குச் சுவர்.

மகேந்திரன் வடக்குப் பார்த்து நிற்கிறான். ஆகவே கருவறை அவனுக்கு வலப்பக்கம், வாசல் இடப்பக்கம். வலக்கை விரல் கருவறையைச் சுட்டுகிறது. இடக்கை பக்கத்து அரசியின் கையைப் பிடித்திருக்கிறது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதாவது வாசலில் இருந்து பெருமாளிடம் அழைத்துப் போகிறான். வெயிலில் இருந்து இருட்டுக்குள் வந்தவளுக்குக் கண் பழகியிருக்காது. 'அதோ பார்' என்கிறான். எதிர்ச்சுவரில் அப்பன் உட்கார்ந்தபடி கையை மார்பருகே வைத்து ஏதோ பாடம் சொல்வதுபோல் இருக்கிறான். அங்கே அரசவை, இங்கே கோயிலுக்குப் புறப்பட்ட குடும்பம். மகேந்திரனின் விரலைப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் பார்ப்பது அந்தப் பிடியை. இழுக்கிற பிடி அல்ல. கூட்டத்தில் தவறிவிடக் கூடாதே என்று பிடிக்கிற பிடி. உளி பிடித்தவன் வீட்டுக்காரியோடு திருவிழாவுக்குப் போனவனாக இருக்கவேண்டும்.

அரசர் இருவருக்கும் பெயர் வெட்டியவன் நான்கு பெண்களுக்கும் வெட்டவில்லை. நார்மன் வில்லியம் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் பேயூ பூத்தையல் துணி எழுபது மீட்டர் நீளம். அதிலும் தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கிறது. பெண்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். எல்ஃப்கீவா என்று ஒருத்திக்குப் பெயர் உண்டு, அவள் யார் என்றுதான் இன்றும் சச்சரவு. நம் குகையில் அந்தப் பெயரளவும் கிடையாது. பல்லவர்களுக்கு வழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது: காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனின் தேவி ரங்கபதாகை தன் பெயரைக் கல்லில் ஏற்றியிருக்கிறாள். செங்கல்பட்டுக்குப் பக்கத்து வல்லம் குகையில் மகேந்திரனின் அடியான் வசந்தப்பிரியரசன் மகன் கந்தசேனன், ஒரு சிற்றரசன் மகன், அப்பன் பெயரோடு தன் பெயரையும் தமிழில் வெட்டிவைத்தான். பட்டத்து அரசிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இதே குகையில் இன்னொரு கல்வெட்டு பத்து அவதாரங்களை வரிசையிடுகிறது. அதில் ஒன்பதாவது புத்தர். மத்தவிலாசத்தில் பௌத்தத் துறவியைக் கிண்டலடித்த மகேந்திரன் சிற்பமும் அதே கூரைக்குக் கீழே! நின்று யோசிக்க வேண்டிய இடம். ஆனால் நிற்க விட்டால்தானே.

பிற்காலத்து மண்டபம் ஒன்று குகையின் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறது. உள்ளே வெளிச்சம் வர வழியில்லை. சிற்பத்தின்மேல் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். படம் எடுக்காதே என்று அதட்ட ஆள் உண்டு; இது இன்னார் என்று சொல்ல ஒரு பலகை இல்லை. 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் இது. வெளியே புல்தரை வெட்டவும் கம்பிவேலி போடவும் காசு இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருடம் பழைய அரச குடும்பத்தின் மேல் சூடில்லாத விளக்கு ஒன்றைப் போட மட்டும் காசு இல்லை. அது வழிபாட்டில் இருக்கும் கோயில் என்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான், பூசை நடப்பதால்தான் இதே ஊர் ராமானுச மண்டபத்துக்கு வந்த கதி இதற்கு வரவில்லை. அங்கே சுவர்ச் சிற்பங்களை உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். பூசையும் நடக்கட்டும், பிசுக்கையும் துடைக்கட்டும். துடைக்கிறேன் என்று மணலை வீசியடித்து மூக்கைத் தேய்த்துவிடாமல், தெரிந்தவர்களைக் கொண்டு துடைக்கட்டும்.

போகிறவர்கள் பூசை நேரம் கேட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு, இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை பொறுங்கள். பிறகு வலப்பக்கச் சுவர், மகேந்திரனின் இடக்கை.